சென்னைப் பட்டணத்தில் அன்னமும் உறையுளும்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மனித வாழ்க்கைக்கு இன்றியமையாதவை என்பதை அறியாதார் இலர். இம்மூன்றனுள் உடையைப் பற்றி நாம் இங்கே பேசப் புகவில்லை. பசித்தவனுக்குச் சோறும், இடமற்றவனுக்குத் தலைசாய்க்க ஓர் இடமும் அளிக்கும் பொருட்டுச் சென்னைப் பட்டணம் 240 ஆண்டுகளுக்கு மேலாக என்னென்ன முயற்சிகள் செய்து வந்தது, அவற்றுள் எது பலித்தது, எது இன்னும் பலிக்கவில்லை என்பதைச் சரித்திர முறையில் ஆராய்வதே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

நம் சங்கத்தைச் சேர்ந்த குடும்பங்களில் அன்னதானத்திற்கென ஆண்டுதோறும் ஒரு தொகையை ஒதுக்கிவைக்கும் நல்வழக்கம் உண்டு. ஆதலின் இவ்வரலாறு நமக்கு வெறும் பழங்கதையாகாது. நம் கைப்பொருளும் நம் மனப்பான்மையும் எவ்வழியிற் சென்றால் உண்மையான தருமமாகும் என்பதை அறிவிக்கும் பாடமாகவும் அது அமையும்.

பழைய சத்திரங்கள்

நம் முன்னோர் அன்னத்தையும் உறையுளையும் வேறு வேறாகப் பிரித்துப் பார்த்தவர் அல்லர். மணிமேகலைக் காவியத்தில் புகார் நகரத்து உலகவறவி என்னும் பொதுவிடம் ஒன்று கூறப்படுகிறது. காப்பாரற்றோரும் உடற்குறையுடையோரும் ஒதுங்கியிருந்த அவ்விடத்திலேயே மணிமேகலை அமுதசுரபியுடன் நின்று அவர்கள் பசியைத் தீர்க்கின்றாள். பின்னர் அவள் வேண்டுகோளுக்கிணங்கி அரசன் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றுகின்றான். சோறு கிடைக்கும் இடமும் தங்கும் இடமும் ஒன்றாகவே இருந்தன என்பதை நேயர்கள் கருதுக.

பிற்காலத்தில் தமிழ்நாட்டுப் பெருவழிகளில் எழுந்த சத்திரங்களும் இக்கருத்தையே தழுவியவை. வழிப்போக்கனுக்குப் படுக்கத் திண்ணையும், குளிக்கக் கேணியும், ஒரு வேளைச் சோறும் ஆங்கே கிடைத்தன. எனினும் அச்சத்திரங்களுக்கு இரண்டு குறைகள் இருந்தன. முதலாவது, கட்டினவர் வாழுங்காலத்தும் மானிய நிலம் விளையுங்காலத்தும் மட்டுமே அவை நடந்தன. மழை பொய்த்தால் சத்திரத்து அடுப்பும் அணைந்தது. இரண்டாவது, எல்லார்க்கும் பொதுவான பந்தி பெரும்பாலானவற்றில் இல்லை. உள்ளே அமர்வோர் சிலர், திண்ணையில் உண்போர் சிலர், வாயிலுக்கு அப்பால் நின்று கையேந்துவோர் பலர் என்று சாதி முறைப்படியே சோறு பகிரப்பட்டது. இவ்விரண்டாவது குறையை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ளல் வேண்டும். இவ்வியாசத்தின் முடிவில் அதனிடமே நாம் திரும்ப வேண்டியிருக்கிறது.

கஞ்சித்தொட்டி

1780-ஆம் ஆண்டில் ஹைதர் அலியின் சேனை ஆற்காட்டுச் சீமையில் புகுந்தது. ஊர்கள் எரிந்தன, பயிர்கள் அழிந்தன. குடியானவர்கள் தம் பெண்டு பிள்ளைகளுடன் உயிர் தப்பிச் சென்னைக் கோட்டையை நோக்கி ஓடிவந்தனர். அதன் பயனாகப் பட்டணத்தில் பெரும் பஞ்சம் தோன்றிற்று. 1782-ஆம் ஆண்டில், நகரின் வடபுறத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி வார்க்கும் சத்திரம் ஒன்று ஏற்பட்டது. மணியக்காரர் சத்திரம் என்னும் பெயர் ஆங்கிலேயர் வாயில் நுழைந்து மோனிகர் சத்திரம் என்றாயிற்று. கஞ்சியுண்ண வந்தவர்களுட் பலர் நோயாளிகளாயும் இருந்தமையால், அதனை ஒட்டி ஒரு வைத்தியசாலையும் எழுந்தது. இக்காலத்தில் ஸ்டான்லி ஆஸ்பத்திரி என்று வழங்கும் பெரிய வைத்தியசாலையின் மூலம் அதுவே. வடசென்னை முதியோர் அதனைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அப்பெயர் ஒரு பஞ்சத்தின் ஞாபகச் சின்னமாகும்.

தாது வருஷத்துப் பஞ்சம்

அதன் பின் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து வந்தது தாது வருஷத்துப் பஞ்சம். 1876-ஆம் ஆண்டில் மழை தவறியது. 1878 வரையில் சென்னை மாகாணம் தத்தளித்தது. நாட்டுப்புறத்து ஜனங்கள் மீண்டும் பட்டணத்தை நாடி வந்தனர். நகரத்துச் செல்வர் பலர் தம் வாயிலிலேயே சோறிட்டனர். சர்க்காரோ வந்தவர்களை நகருக்கு வெளியே முகாம்களில் சேர்த்தனர். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஐந்து மைல் நீளமுள்ள கால்வாய்ப் பகுதி அக்காலத்தில் பஞ்ச நிவாரண வேலையாகவே வெட்டப்பட்டது. கவர்னராயிருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயரால் வழங்கும் கால்வாயில் அப்பகுதியும் ஒன்று.

அக்காலத்தில் நிகழ்ந்த ஒரு வாதம் இன்றும் சிந்திக்கத்தக்கது. இந்திய சர்க்காரின் பிரதிநிதியாக வந்த ஸர் ரிச்சர்டு டெம்பிள் என்பார், செலவைக் குறைக்கக் கருதி, நிவாரண வேலை செய்யும் ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று 1877-இல் திட்டம் செய்தார். சென்னை மாகாணச் சுகாதார அதிகாரியாயிருந்த டாக்டர் கார்னிஷ், மண் சுமக்கும் உடலுக்கு அது ஒருக்காலும் போதாது என்று கடுமையாக ஆட்சேபித்தார். சில மாதங்களுக்குப் பின்னர் அப்படி உயர்த்தப்பட்டது. ஆயினும் அதற்குள் மாண்டவர் மீளவில்லை. அப்பஞ்சக் காலத்திலும் இந்நாட்டுத் தானியம் கப்பலேறிச் சீமைக்குச் சென்றுகொண்டிருந்தது. நாட்டில் தானியமே இன்மையால் வந்த சாவு மட்டும் அன்று அது. வாங்கும் சக்தி ஏழைகளிடம் இன்மையாலும் வந்த சாவு.

இதன் பின்னரே 1880-இல் பஞ்ச விசாரணைக் கமிஷனார் அறிக்கையும், அதனைத் தழுவிய பஞ்ச நிவாரணச் சட்ட விதிகளும் தோன்றின. அவற்றால் நன்மை உண்டு. ஆனால் அவை பஞ்சம் என்று சர்க்கார் விளம்பரஞ் செய்த காலத்திற்கு மட்டுமே உரியவை. மழை பெய்து, சந்தையில் நெல் குவிந்து கிடக்கும் நல்ல வருஷத்திலும், குடிசையிலிருந்து வெறும் வயிற்றுடன் பள்ளிக்கூடம் செல்லும் குழந்தையின் பசியைப் பஞ்சம் என்று எவரும் கருதவில்லை.

ஓர் அணாச் சோறு

அக்குழந்தையின் பசியை ஒரு நகரசபை முதன்முதல் கண்டது 1920-ஆம் ஆண்டில் ஆகும். அப்பொழுது சென்னை நகரசபைத் தலைவராயிருந்தவர் ஸர் பிட்டி தியாகராய செட்டியார். ஆயிரம்விளக்குப் பகுதியிலிருந்த நகரசபைப் பள்ளியில், பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவில் பகலுணவு அளிப்பதென அவ்வாண்டு செப்டம்பர் மாதம் நகரசபை தீர்மானித்தது. ஏழைப் பிள்ளைகள் பள்ளிக்கு வாராமைக்குப் பசியே முதற் காரணம் என்பதை நகரசபையார் உணர்ந்திருந்தனர். பின்னர் வேறு நான்கு பள்ளிகளுக்கும் இவ்வேற்பாடு விரிந்தது.

பலன் என்ன? இவ்வைந்து பள்ளிகளிலும் 1922-23-இல் 811 பிள்ளைகள் படித்தனர். 1924-25-இல் அத்தொகை 1,671 ஆயிற்று. இரண்டே ஆண்டுகளில் இரட்டிப்புக்கு மேல்! எத்தனை உபந்நியாசங்கள் செய்தாலும் விளையாத கல்விப் பெருக்கத்தை ஓரணாச் சோறு விளைவித்தது. எனினும் ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவிடல் கூடாதென மேலிடத்தார் தடுத்தமையால், 1925-இல் அது நின்றது. சில ஆண்டுகள் கழித்தே மீண்டும் உயிர்பெற்றது. நல்ல காரியம் ஒன்று பலிக்கவில்லை என்பதால் அன்றி, இன்ன கணக்கில் எழுதல் தகாது என்பதால் நின்றுபோவது நம் நாட்டில் புதிதன்று.

ஆயிரம்விளக்கில் நட்ட விதை பின்னர் நாடு முழுதும் பரவிற்று. 1956-இல் காமராஜர் முதன்மந்திரியாயிருந்த காலத்தில் பகலுணவுத் திட்டம் மாகாணம் முழுமைக்கும் உரியதாயிற்று. 1982-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் எம். ஜி. இராமச்சந்திரன் அதனைச் சத்துணவுத் திட்டமாக நாட்டுப்புறங்களில் விரிவுபடுத்தினார். அவ்வாண்டு செப்டம்பரிலேயே அது நகரங்களுக்கும் வந்தது. 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் மு. க. ஸ்டாலின் முதலமைச்சராயிருக்கையில் ஆரம்பப் பள்ளிகளில் காலையுணவும் தொடங்கிற்று. கட்சிகள் மாறின; அடுப்பு அணையவில்லை. இன்னொன்றும் நேர்ந்தது. பழைய சத்திரத்தில் திண்ணையிலும் வாயிலிலும் பிரிந்து நின்றவர்களுடைய கொள்ளுப் பேரர்கள் பள்ளிக்கூடத்தில் ஒரே வரிசையில் அமர்ந்து ஒரே பானைச் சோற்றை உண்டனர். சமைப்பவர் இன்ன சாதியார் என்று சில ஊர்களில் ஆட்சேபம் எழாமல் இல்லை. ஆயினும் அடுப்பு எரிந்துகொண்டேயிருந்தது, பிள்ளைகள் உண்டுகொண்டேயிருந்தனர்.

அரிசியும் ஆக்கிய சோறும்

பெரியவர்கள் பசிக்கு வேறு வழி தேடப்பட்டது. 1967-ஆம் ஆண்டு மே மாதத்தில் அண்ணாதுரை மந்திரிசபை ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்னும் திட்டத்தைச் சென்னையிலும் கோயமுத்தூரிலும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 1972-இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் ஏற்பட்டு, நியாயவிலைக் கடைகளுக்கு உறுதியான கொள்முதலும் கிடங்கும் வாய்த்தன. 2011-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் குடும்ப அட்டைக்கு அரிசி விலையின்றியே வழங்கப்படலாயிற்று.

ஆனால் இங்கே ஒரு நுட்பம் உண்டு. அரிசி பெறக் குடும்ப அட்டை வேண்டும். அட்டை பெற விலாசம் வேண்டும். பெற்ற அரிசியைச் சமைக்க அடுப்பும் பாத்திரமும் வேண்டும். பாரிமுனைக்கருகே நடைபாதையில் தலைமுறை தலைமுறையாக வாழும் குடும்பத்துக்கு விலாசம் ஏது? மூட்டை தூக்கிவிட்டுக் கடைத் திண்ணையில் படுக்கும் தனியாளுக்கு அடுப்பு ஏது? அரிசி எவ்வளவு மலிந்தாலும் அவன் பசி அதனால் தீராது. அவனுக்கு வேண்டுவது ஆக்கிய சோறு.

இக்குறையை நிரப்பியது 2013-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஜெயலலிதா முதலமைச்சராயிருக்கையில் சென்னை மாநகராட்சி திறந்த அம்மா உணவகம். இட்டிலி ஒரு ரூபாய், சாம்பார் சோறு ஐந்து ரூபாய், தயிர்ச் சோறு மூன்று ரூபாய் என்பது அன்றைய விலை. மகளிர் சுய உதவிக் குழுவினர் சமைத்தனர். வட்டந்தோறும் உணவகம் ஏற்பட்டது. பெரிய சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலும் திறக்கப்பட்டது. நஷ்டத்தை மாநகராட்சி தாங்கிற்று. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் அங்கே விலையின்றியே உணவளித்தனர். பிற்காலத்தில் சில இடங்களில் பண்டத்தின் தரமும் வருவோர் தொகையும் குறைந்தன என்ற குறை கூறப்பட்டது உண்மையே. ஆயினும் அதன் தத்துவம் உயர்ந்தது. உண்ண வருவோனை எவரும் ஊர், பேர், சாதி கேளார். அட்டை காட்டச் சொல்லார். அவன் யாசகனாக நில்லாமல் விலை கொடுத்து வாங்குவோனாக நின்று உண்கின்றான். 1782-ஆம் ஆண்டுக் கஞ்சித்தொட்டிக்கும் இதற்கும் உள்ள தூரம் இதுவே.

உறையுளின் கதை

இனி உறையுளின் கதைக்கு வருவோம். பட்டணத்தில் வேலை பெருகப் பெருக, கூவக்கரையிலும் பக்கிங்காம் கால்வாய்க் கரையிலும் கடற்கரையிலும் கீற்றுக் குடிசைகள் பெருகின. கோடையில் தீயும் மழையில் வெள்ளமும் அவற்றை மாறி மாறி அழித்தன. 1970-ஆம் ஆண்டில் மு. கருணாநிதி மந்திரிசபை குடிசை மாற்று வாரியத்தை ஏற்படுத்திற்று. அடுத்த ஆண்டில் அதற்கெனத் தனிச் சட்டமும் பிறந்தது. வாரியத்தின் முதற் கட்டடங்களில் ஒரு சிறப்பு உண்டு. குடிசை இருந்த இடத்திலேயே மாடிக் குடியிருப்புகள் எழுந்தன. நொச்சிக்குப்பத்துச் செம்படவன் கடலை விட்டு அகலாமலே கல்வீட்டுக்கு மாறினான். 1977 முதல் உலக வங்கியின் கடனுதவியுடன் அரும்பாக்கம், வில்லிவாக்கம், முகப்பேர் ஆகிய இடங்களில் மனையும் குழாயும் பாதையும் அமைத்துக் கொடுத்து, வீட்டை அவரவர் சக்திக்கேற்பக் கட்டிக்கொள்ளச் செய்யும் முறையும் கையாளப்பட்டது.

நகரத்து நிலத்தின் விலை ஏற ஏற இம்முறை தளர்ந்தது. 2000-ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகரிலும், பின்னர்ச் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் பல்லாயிரம் வீடுகள் கட்டப்பட்டு, ஆற்றங்கரைக் குடும்பங்கள் அங்கே கொண்டுபோய் விடப்பட்டன. வீடு கல்வீடுதான், கூரை ஒழுகாதுதான். ஆனால் பழைய இடத்திலிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீட்டரும் அதற்கு மேலும் தூரம். வீட்டு வேலை செய்து பிழைத்த பெண்ணுக்குப் பேருந்துக் கூலி போக மிஞ்சுவது என்ன? பிள்ளையின் படிப்பு நடுவாண்டில் முறிந்தது. பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய தாழ்நிலமாதலால் வெள்ளமும் அங்கே தொடர்ந்து வந்தது. வீடு கிடைத்தது, பிழைப்புப் போயிற்று. சிலர் வீட்டைப் பூட்டிவிட்டுப் பழைய நடைபாதைக்கே திரும்பினர் என்றால், அதனை நன்றியின்மை என்று பழிப்பது தகுமோ?

பழைய மாடிக் குடியிருப்புகளும் மூப்படைந்தன. 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட ஒரு கட்டடம் இடிந்து வீழ்ந்தது. முன்னரே விரிசல் கண்டு குடியிருந்தோர் வெளியேறியமையால் உயிர்ச்சேதம் இல்லை. அவ்வாண்டில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாறிய அவ்வாரியம், பழுதடைந்த குடியிருப்புகளை அவை இருந்த இடத்திலேயே திரும்பக் கட்டும் வேலையில் ஈடுபட்டது. அதுவே சரியான நெறி என்பது நம் துணிபு.

வீடே இல்லாதார்க்கு இராத்தங்கல் இல்லங்களும் ஏற்பட்டன. உணவுரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-இல் பிறப்பித்த கட்டளைகளும், 2013-இல் மத்திய சர்க்கார் வகுத்த நகர்ப்புற வாழ்வாதார இயக்கமும் இதற்குத் தூண்டுதலாயின. ஒரு லட்சம் ஜனத்தொகைக்கு நூறு பேர் தங்கும் இல்லம் ஒன்று வேண்டும் என்பது அவ்வியக்கத்தின் அளவு. சென்னை மாநகராட்சியும் தரும ஸ்தாபனங்களின் துணைகொண்டு இத்தகைய இல்லங்களைத் திறந்தது. ஆனால் ஆண்களுக்கு ஓரில்லம், பெண்களுக்கு ஓரில்லம், சிறுவர்க்கு ஓரில்லம் என்று பெரும்பாலும் பிரித்தமையால், கணவனும் மனைவியும் மக்களுமாக நடைபாதையில் வாழும் குடும்பம் இல்லம் புகுந்தால் பிரிய வேண்டும். சேர்ந்திருக்க விரும்பினால் வெளியில் கிடக்க வேண்டும். அவர்கள் சேர்ந்திருப்பதையே விரும்பினர் என்பதில் வியப்பில்லை.

நாம் காணும் உண்மை

இவ்விரு கதைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்குமிடத்து ஓர் உண்மை விளங்குகின்றது. சோற்று விஷயத்தில் இப்பட்டணம் வெற்றி கண்டது ஏன்? பசித்தவன் இருக்கும் இடத்துக்குச் சோறு சென்றது; தினந்தோறும் குறித்த நேரத்தில் கிடைத்தது; இன்னாரென்று கேளாது இலை போடப்பட்டது. உறையுள் விஷயத்தில் இம்மூன்றும் நேர்மாறாயின. இடத்தை நோக்கி மனிதன் விரட்டப்பட்டான். அது கிடைப்பதற்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தான். அத்தாட்சிகள் பல கேட்கப்பட்டான்.

நில விலையே இதற்குக் காரணம் என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளலாகாது. சர்க்கார் கட்டும் வீடுகளில் வாழ்வோரினும் தனியார் வீடுகளில் வாடகைக்கிருப்போர் மிகப் பலர். ஏழைக் குடும்பம் ஒன்று சிறு வீடு தேடிச் சென்றால் முதலில் எதிர்ப்படுவது முன்பணம். பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது சென்னையில் நெடுநாள் வழக்கு. 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் குடியிருப்பு வீட்டுக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கலாகாது என்று விதித்தும் அவ்வழக்கு அற்றுவிடவில்லை. முன்பணத்தைக் கடன்வாங்கித் திரட்டினாலும், அடுத்து எதிர்ப்படுவது, "நீங்கள் என்ன ஆட்கள்?" என்னும் கேள்வி. பழைய சத்திரத்தின் வாயிலில் நின்ற கேள்வி அது. பள்ளிக்கூடத்துப் பந்தி அதனை விரட்டிற்று. உணவகத்து மேசை அதனை அறியாது. அக்கேள்வியோ தெருத் தெருவாகச் சென்று வாடகை வீட்டு வாயிலில் குடிபுகுந்துவிட்டது. சோறு சாதி கேட்பதை விட்டது. வீடு இன்னும் கேட்கின்றது.

நம் சங்கத்துக் குடும்பங்களில் வீடு வாடகைக்கு விடுவோர் பலர் உளர். ஆண்டிற்கொரு நாள் ஆயிரம் பேருக்கு இலை போடும் அன்னதானத்தால் பெயர் உண்டு, மகிழ்ச்சியும் உண்டு. ஆனால் அந்த ஆயிரம் பேரும் அன்றிரவு எங்கே படுப்பர் என்பதையும் நினைத்தல் வேண்டும். ஆகவே மூன்று காரியங்களை உறுப்பினர் முன் வைக்கின்றோம். முகூர்த்தமில்லாத நாட்களில் வெறுமையாய்க் கிடக்கும் கல்யாண மண்டபங்கள் ஐப்பசி, கார்த்திகை மழையிரவுகளிலாவது குடும்பம் குடும்பமாகத் தங்குவோர்க்குத் திறந்திருக்கட்டும். அன்னதான நிதியில் ஒரு பங்கு, ஏழைக் குடும்பங்களின் வாடகை முன்பணத்துக்கு வட்டியில்லாத கைமாற்றாக ஒதுக்கப்படட்டும். வீட்டுக்காரர்கள் வாடகைக்கு வருவோரிடம் வாடகை தரும் சக்தியையும் நன்னடத்தையையும் கேட்கட்டும், குலத்தைக் கேளாதிருக்கட்டும்.

மூன்றாவதே கடினம் என்பதை அறிவோம். ஒரு குலத்தார் கூடி நடத்தும் சங்கத்தின் இதழில் இதை எழுதுவது பொருந்துமோ என்று சிலர் வினவலாம். பொருந்தும் என்பதே நம் விடை. தன்னவர்க்குத் துணை நிற்பது சங்கத்தின் கடமை. பிறர்க்குக் கதவடைப்பது அக்கடமையின் பகுதியன்று. நாட்டுப்புறத்திலிருந்து நம் பாட்டன்மார் இப்பட்டணத்துக்கு வந்த நாளில் அவர்களுக்கும் எவரோ ஒருவர் திண்ணை கொடுத்தார். அந்தத் திண்ணையின் கடனை நாம் இன்னும் தீர்க்கவில்லை. தீர்க்கும் வழி அன்னதானப் பந்தலோடு முடியாது, நம் வீட்டு வாயில் வரையில் வரும் என்பதை உணர்ந்து நடப்போமாக.